கோழிப்பண்ணையில் கல்யாணம்

பேரன் சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். சனிக்கெழம ராத்திரி பஸ் ஏறுவான், ஞாயித்துக்கெழம விடியக்காலம் உளுந்தூர்பேட்டையில எறங்குவான், மத்தியானம் கறிச்சோறு தின்னுட்டு மறுபடி பஸ் ஏறுவான். ஊருக்கு வரானா, ஊரத் தொட்டுட்டுப் போறானான்னு எனக்கே வெளங்கல. போன ஞாயித்துக்கெழம நான் திண்ணையில குந்தி மல்லாட்ட உரிச்சிக்கிட்டு இருந்தேன். போன நீட்டிக்கிட்டுச் சிரிச்சபடி வந்தான்.

“தாத்தா, என்கூட வேல பாக்குற பெங்களூர்ப் பையனுக்குக் கல்யாணம். எங்க வச்சிருக்கான் தெரியுமா? கோழிப்பண்ணையில!”

பத்திரிகையில பவுல்ட்ரின்னு போட வேண்டியத மொத எழுத்து மாத்தி அச்சடிச்சிட்டானுவோன்னு அவனாவே முடிவு பண்ணிட்டான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. சேலம் ரோட்டுல நாமக்கல்லுக் கோழி வண்டி நாத்தம் புடிச்சே வளந்த புள்ள. அவன் புத்தி கோழிப் பக்கந்தான் போவும்.

“எழுத்த ஒண்ணொண்ணா படிடா.”

“சி, எச், ஓ, யு, எல், டி, ஆர், ஒய்.”

“அது சௌல்ட்ரி. கோழியும் இல்ல, முட்டையும் இல்ல.”

“அப்படின்னா?”

“தலையத் தூக்கிப் பாரு. பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துல நாலு கல்தூண் நிக்குதா? தூணுல உங்க ஆயா ஆட்டக் கட்டியிருக்காளா? அதான்டா சௌல்ட்ரி.”

பய ஆட்டையும் போனையும் மாத்தி மாத்திப் பாத்தான். அது எங்க ஊரு பழைய சாவடி. கூரை போயி நாப்பது வருசம் ஆச்சி. தூணு மட்டும் ஆட்டுக்கு ஒதவுது.

எட்டாவது பெயிலான கெழவனுக்கு இந்த இங்கிலீஷு எங்கேர்ந்து வந்துதுன்னு நீங்களும் கேப்பீங்க. நான் தலையாரி வேல பாத்தவன். கணக்குப்புள்ள, முன்சீப்பு பதவியெல்லாம் 1980-ல கவுர்மெண்டு எடுத்துப்புடுச்சி. எங்களமாதிரி ஆளுக்குப் பேர மட்டும் கிராம உதவியாளர்னு மாத்தி, வேலய அப்படியே விட்டு வச்சாங்க. அந்தக் காலத்துல இந்தச் சாவடித் திண்ணைக்கு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர் வருவாரு. கையில செங்கல்லு தண்டிக்கு ஒரு பொஸ்தகம். நான் அவருக்கு வெத்தல மடிச்சிக் குடுக்கணும், அவரு எனக்கு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லணும். அதான் எங்க ஒப்பந்தம். ரெண்டு பேருமே ஏமாந்ததில்ல.

அந்தப் பொஸ்தகத்துக்குப் பேரு ஹாப்சன் ஜாப்சன். சிரிக்காதீங்க. மொகரத்துல ‘யா ஹசன், யா ஹுசைன்’னு மாரடிச்சிக்கிட்டுப் போவாங்க இல்ல, அத வெள்ளக்கார சிப்பாய் காதுல வாங்கி, வாயில மென்னு துப்புனது ஹாப்சன் ஜாப்சன். ஒருத்தர் வார்த்தைய இன்னொருத்தர் எப்படிக் கொதறுவாங்கிறதுக்கு அதவிட நல்ல சாட்சி இல்லன்னு அதையே பொஸ்தகத்துக்குப் பேரா வச்சிட்டாங்க. எழுதுனது ரெண்டு பேரு. ஒருத்தர் ஹென்றி யூல், பட்டாளத்து இஞ்சினியர் கர்னல். இன்னொருத்தர் பர்னெல், நம்ம தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவரு, அரமனைச் சுவடியெல்லாம் பொறட்டிப் பட்டியல் போட்ட ஆளு. பர்னெல் 1882-ல கண்ண மூடிட்டாரு. பொஸ்தகம் 1886-ல வந்துது. பாதிப் பாடுபட்டவருக்கு அச்சுல பாக்கக் குடுத்து வைக்கல.

வெள்ளக்காரன் இந்தியாவுல பொழங்குன வார்த்தையெல்லாம் அதுல அடுக்கியிருக்கு. ஒரு நாள் ஹெட்மாஸ்டர் கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு, “டேய், இதுல நீ இருக்கடா”ன்னாரு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சி. நம்ம பேரு எதுக்குப் பொஸ்தகத்துல வரணும், கேசு கீசு ஆயிப்போச்சான்னு. பாத்தா, ‘டாலியார்’. அதான் தலையாரி. இன்னொரு பக்கத்துல மணியக்காரரு ‘மொனிகார்’னு குந்தியிருக்காரு. கணக்கப்புள்ள ‘கனிக்கோப்பிலி’ ஆயிட்டாரு. கனிக்கோப்பிலி! எங்க கணக்குப்புள்ள உசுரோட இருந்தா அந்தப் பேரக் கேட்டு அடங்கல்ல ஒரு ஏக்கரக் கொறச்சிப் போட்டிருப்பாரு.

சாவடியும் அதுல இருக்கு. தென்னிந்தியாவுல மட்டும் பொழங்குற வார்த்த, வேர் எதுன்னு முடிவாச் சொல்ல முடியலன்னு மொதல்லயே கைய விரிச்சிட்டுத்தான் ஆரம்பிக்குது. தெலுங்கு, மலையாளத்துச் சாவடியக் காட்டுது. ‘சதுர்’ன்னா நாலு, அதோட வழி சேந்து நாலு வழி கூடுற எடம்னு ஒரு யோசனையும் சொல்லுது. ஹெட்மாஸ்டர் அதப் படிச்சப்ப, பர்னெல் தொரை உளுந்தூர்பேட்டைக்கு ஒரு தரம் வந்திருந்தா சந்தேகமே வந்திருக்காதுன்னு சொன்னேன். மெட்ராஸ் ரோடு, திருச்சி ரோடு, சேலம் ரோடு, விருத்தாசலம் ரோடு. நாலு வழியும் எங்க ஊருலதான் ஒண்ண ஒண்ணு முட்டிக்குது. எங்கயோ போறவன் எவனா இருந்தாலும் இங்க ஒரு டீ குடிச்சிட்டுத்தான் போறான்.

“சரி தாத்தா, சாவடி எப்படி சௌல்ட்ரி ஆவும்? நடுவுல எல்லு எங்கேர்ந்து வந்துது? ஆரு எங்கேர்ந்து வந்துது?” பய வக்கீலாட்டம் மடக்குறான்.

நான் கேட்டேன்: “நம்ம ஊருச் சாமி பேரு என்னா?”

“மாஷபுரீஸ்வரர்.”

“மாஷம்னா?”

முழிச்சான். உளுந்தாண்டார்கோயில்ல நூறு தடவ சூடத்தக் கண்ணுல ஒத்திக்கிட்டவன், அர்த்தம் கேட்டதில்ல. மாஷம்னா வடமொழியில உளுந்து. மொளகு மூட்ட கொண்டாந்த யாவாரி ஒருத்தன் உள்ளத மறைச்சி உளுந்துன்னு சொன்னான், அவுத்துப் பாத்தா மொளகு அம்மாத்தமும் உளுந்தாப் போயிருந்துது, அப்பறம் சாமி கால்ல வுழுந்து அழுதான். ஊருக்கே அந்தப் பேரு. மொளகு உளுந்தான ஊர்ல பொறந்துட்டு, சாவடி சௌல்ட்ரி ஆனதுக்கு வாயப் பொளக்குறியேடா!

ஆனா சாவடி சௌல்ட்ரியா கைமாறுன கதையில ஒரு ருசி இருக்கு, அதச் சொல்லித்தான் ஆவணும். சாவடி வேற, சத்திரம் வேற. சத்திரம்னா படுக்க எடம், திங்கச் சோறு, கட்டி வச்ச புண்ணியவான் பேரு. சாவடின்னா ஊருக்குப் பொதுவான கொட்டாய். பஞ்சாயத்தும் அங்கதான், கிஸ்தி வசூலும் அங்கதான். வெளியூர்க்காரன் மழைக்கு ஒதுங்குறதும், புருசன்கிட்ட கோவிச்சிக்கிட்டு பொறந்த வூட்டுக்குப் போறவ குந்தி அழுவுறதும் அங்கதான். வெள்ளக்காரனுக்கு இந்த வித்தியாசமெல்லாம் ஆவல. தூணும் கூரையுமா எது நின்னாலும் சௌல்ட்ரின்னு ஒரே சாக்குல போட்டுக் கட்டிட்டான். மதுரையில திருமல நாயக்கரு சாமிக்கு வசந்தத் திருவிழா நடத்தக் கட்டுனாரே புதுமண்டபம், அந்தச் சிற்பத் தூணையெல்லாம் படமா வரைஞ்சி, கீழ ‘திருமல நாயக்கர் சௌல்ட்ரி’ன்னு எழுதி வச்சான். மீனாட்சியும் சொக்கரும் வழிப்போக்கர் கணக்குல சேந்துட்டாங்க.

1639-ல மெட்ராஸ்ல எடம் வாங்கிக் கோட்ட கட்ட ஆரம்பிச்ச கெழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கு நம்ம ஆளுங்க சண்டையத் தீத்து வைக்க ஒரு எடம் தேவைப்பட்டுது. புதுசாக் கோர்ட்டு கட்டுனா செலவு. ஊர்ச் சாவடி ஏற்கெனவே இருக்கு. அதுலயே குந்திட்டான். கொஞ்ச நாள்ல சௌல்ட்ரின்னாலே கோர்ட்டுன்னு ஆயிடுச்சி. கம்பெனிக் காயிதத்துல ‘சௌல்ட்ரி நீதிபதிங்க’ன்னே வருது. 1678-ல ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர்னு ஒரு கவர்னர் அந்தச் சாவடிக் கோர்ட்ட ஒழுங்குபடுத்தி, கம்பெனி உத்தியோகஸ்தங்களையே அதுல ஒக்கார வச்சான். சின்னக் கடன் வழக்கு, சின்ன அடிதடி, எல்லாம் அங்கயே தீர்ப்பு.

சாவடியில இன்னொண்ணும் நடந்துது. கடல் வழியா வர்ற சரக்குக்குக் கடக்கரை வாசல்ல வரி. தரை வழியா வர்ற சரக்குக்கு? சாவடியில வரி. கேட்டியா? நம்ம ரோட்டுல இப்ப வரிசையா கொட்டாய் போட்டுக் காசு புடிக்கிறாங்களே, சுங்கச்சாவடி, அது நேத்திக்கு வந்த ஏற்பாடு இல்ல. முந்நூத்தம்பது வருசத்துக்கு முந்தியே மெட்ராஸ்ல நடந்த யாவாரம். அன்னைக்கி மாட்டு வண்டிய நிறுத்தி மூட்டையக் குத்திப் பாத்தான். 2021 பிப்ரவரியிலேர்ந்து ஃபாஸ்டேகு கட்டாயம். இப்ப வண்டியே நிக்க வேணாம், ஒரு ‘டிங்’ சத்தம், காசு காலி. யாவாரி மொளக உளுந்துன்னு சொல்லித் தப்பிக்க வழியே இல்லாமப் பண்ணிட்டானுவோ.

நம்ம பக்கத்துலயே பாண்டிச்சேரி இருக்கு. அங்க பிரெஞ்சுக்காரனும் இதே வேலயப் பண்ணான். தமிழாளு வழக்கத் தீக்குற கோர்ட்டுக்கு அவன் வச்ச பேரு ‘சோதிரி’. அதுவும் சாவடிதான்! கிழக்கால ஒரே கடக்கரையில நூத்தம்பது கிலோமீட்டர் தள்ளித் தள்ளி ரெண்டு வெள்ளக்காரன். பீரங்கி வச்சி ஒருத்தன ஒருத்தன் சுட்டுக்கிட்டான். சாவடியத் தப்பா உச்சரிக்கிறதுல மட்டும் ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்தானுவோ.

மெட்ராஸ்ல இன்னொரு சௌல்ட்ரி. அத நெனச்சா எனக்கு இந்த நையாண்டியெல்லாம் அடங்கிப்போவும். ஐதர் அலி சண்டக் காலத்துப் பஞ்சம். கிராமம் கிராமமா ஜனம் மெட்ராசுக்கு ஓடியாந்து தெருவுல வுழுந்து கெடந்துது. 1782-ல அதுங்களுக்குக் கஞ்சி ஊத்த ஒரு எடம் வச்சாங்க. மொனிகார் சௌல்ட்ரின்னு பேரு, அதாவது மணியக்காரர் சத்திரம். கஞ்சி வாங்க வந்தவங்கள்ல பாதிப் பேரு நோயாளி, அதனால பின்னால வைத்தியமும் சேந்துது. அப்படியே வளந்து வளந்து அதுதான் இன்னைக்கி ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பழைய ஜனம் அத ஸ்டான்லின்னு சொன்னதில்ல. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லும். தொரை பேரு போர்டுல இருந்துது, கஞ்சி பேரு வாயில இருந்துது.

இவ்வளவும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பேரன் போன்ல என்னமோ தட்டிக்கிட்டு இருந்தான். எட்டிப் பாத்தேன். ‘சௌல்ட்ரி தமிழ் வார்த்தை! கேஷ் தமிழ் வார்த்தை! ஆங்கிலமே தமிழிலிருந்து பிறந்தது! தமிழன்டா!’ ஸ்டேட்டஸ் வைக்கப் போறானாம். பத்து நிமிசத்துக்கு முந்தி கோழிப்பண்ணைன்னு சிரிச்ச வாயி.

“நிறுத்துடா. மீசையில மண்ணு ஒட்டியிருக்கு, மொதல்ல அதத் தொடச்சிக்க. சாவடி தெலுங்கன்கிட்ட இருக்கு, கன்னடத்தான்கிட்ட இருக்கு, மராட்டியன்கிட்டயும் இருக்கு. வேர் வடக்கப் பாக்குதுன்னு வேற சொல்றாங்க. நீ மட்டும் பட்டா போட்டுக்கிட்டா பக்கத்து நெலத்துக்காரன் சும்மா இருப்பானா? அளக்காம வேலி போடாத.”

“அப்ப கேஷு? காசுதானே கேஷு?”

“அதுவும் பாதிதான். மெட்ராஸ்ல பழைய நாணயக் கணக்கு எம்பது காசுக்கு ஒரு பணம், நாப்பத்திரண்டு பணத்துக்கு ஒரு வராகன். 1818 வாக்குல கம்பெனி அத எடுத்துட்டு ரூவாக் கணக்கக் கொண்டாந்துது. அந்தச் செப்புக்காச போர்ச்சுக்கீசியன் வாய் வழியா வாங்கி இங்கிலீஷ்காரன் கேஷ்னான். அது நம்ம காசு. ஆனா நீ கடையில ‘கேஷா, கார்டா’ன்னு கேக்குறியே, அந்தக் கேஷு வேற. அது பிரெஞ்சு, இத்தாலிப் பக்கத்துல பணப்பொட்டிக்குச் சொல்ற வார்த்த. ரெண்டும் ரெண்டு ஊரு, ஒரே ஜாடை. சந்தையில கை மாறிப் போன ஆட்டுக்குட்டி மாதிரி இப்ப எது எதுன்னு அவனுக்கே தெரியல. ஜாடைய வச்சி சொத்துல பங்கு கேக்காத.”

பேரனுக்கு மொகம் சுண்டிப்போச்சி. போன வாரம் அவன் கூட்டாளி ஒருத்தன் சாவ அடிக்கிறதாலதான் சாவடின்னு பேரு வந்துதுன்னு குரூப்புல போட்டானாம், இருநூறு பேரு கைதட்டியிருக்கான். சுங்கக் கொட்டாயில நிக்கிறப்ப எனக்கும் அது சரின்னுதான் படுது. ஆனா வயித்தெரிச்சல் வேற, வார்த்தையோட வேர் வேற.

மூணு மல்லாட்ட எடுத்து அவன் கையில போட்டேன். “இது என்னா?”

“மல்லாட்ட.”

“அசலூர்க்காரன்கிட்ட சொல்லு, நிலக்கடலையான்னு கேப்பான். நாமதான் மல்லாட்டங்கிறோம். ஏன்?”

தெரியாதுன்னு தலைய ஆட்டுனான். கடலுக்கு அந்தாண்ட பிலிப்பைன்ஸ் தேசத்துல மணிலான்னு ஒரு பட்டணம். அந்தப் பேரோட வந்த கொட்டைங்கிறதால மணிலாக்கொட்ட. அத எங்க தென்னாற்காட்டு வாயி மென்னுச்சி. மணிலாக்கொட்ட மல்லாக்கொட்ட ஆச்சி, மல்லாக்கொட்ட மல்லாட்ட ஆச்சி. ஒரு தலைநகரத்தையே ஓடு ஒடச்சித் தின்னுட்டோம். மணிலாக்காரன் வந்து, எங்க ஊரு பேர இப்படிக் கொதறி வச்சிருக்கியேன்னு கேட்டா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பதில் சொல்றது? வெள்ளக்காரன் சாவடியக் கொதறுனான், நாம மணிலாவக் கொதறுனோம். கணக்கு நேர்.

ஒண்ணு மட்டும் எனக்கு ஆச்சரியம். லண்டன்ல போயி இப்ப சௌல்ட்ரின்னு சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. அவன் வார்த்தைய அவனே மறந்துட்டான். பெங்களூர்ல ஆட்டோக்காரருக்குத் தெரியும். அங்க சௌல்ட்ரின்னா கல்யாண மண்டபம். இங்கிலீஷ்காரன் கழட்டிப் போட்ட சட்டைய அங்க கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க. நம்மகிட்டயோ அசலு இருக்கு. பூந்தமல்லி ரோட்டுல பஸ்சு போனா கண்டக்டரு வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடின்னு வரிசையாக் கூவுவாரு. நம்ம பய அந்த வழியா எத்தன தரம் போயிருப்பான். காதுல அந்தக் குழலச் சொருவிக்கிட்டா எங்க கேக்கும்?

வாக்குச்சாவடி, சோதனைச்சாவடி, சுங்கச்சாவடின்னு கவுர்மெண்டும் சாவடிய வுடல. யோசிச்சிப் பாத்தா ஒரு வேடிக்க. மழைக்கு ஒதுங்குறவனுக்கு எடம் குடுத்த வரைக்கும் அது வெறும் சாவடி. முன்னால ஒரு வார்த்த சேந்துதோ, கைய நீட்டிடும். ஒண்ணு ஓட்டு கேக்கும், ஒண்ணு டிக்கிய தெறக்கச் சொல்லும், ஒண்ணு காசு கேக்கும். படுத்துக்கோன்னு சொல்ற சாவடி இப்ப எங்க ஊர்ல மட்டுந்தான். அதுலயும் ஆடு படுத்திருக்கு.

சாயங்காலம் பஸ்சுக்குக் கெளம்புறப்ப பேரன் கேட்டான். “தாத்தா, கல்யாணத்துக்கு நீயும் வாயேன். பெங்களூர சுத்திக் காட்டுறேன்.”

“வரேன். ஒரு கவர்ல ஐநூத்தி ஒரு ரூவா போட்டு வச்சிக்க.”

“எதுக்கு? அங்க டோல்கேட்டு இருக்கா?”

“சௌல்ட்ரி வாசல்ல மேச போட்டு, நோட்டுப் பிரிச்சி வச்சிக்கிட்டு, பேனா மூடியக் கடிச்சிக்கிட்டு ஒருத்தன் குந்தியிருப்பான் பாரு, அவன்தான் கனிக்கோப்பிலி. கட்ட வேண்டியத அவன்கிட்ட கட்டி, பேர ஒழுங்கா எழுதச் சொல்லிட்டு, நேரா பந்திக்கு வந்து சேரு. நான் மொதப் பந்தியில எடம் புடிச்சி வைக்கிறேன்.”